ஒன்றரைச் சாண் பயணம்

ஒரு பந்தய சைக்கிளின் சக்கரத்தை நிறுத்திவைத்து, டயர் தரையைத் தொடும் இடத்திலிருந்து நடு அச்சு வரை கையால் அளந்து பாருங்கள். ஒன்றரைச் சாண் இருக்கும். சைக்கிள் பிரேக் தன் வாழ்நாளில் நடந்த பாதை அவ்வளவுதான். அதை நடக்க இருநூறு ஆண்டுகள் ஆயின. முதலில் தரையில் இருந்தது. பிறகு டயரில் ஏறியது. அங்கிருந்து ரிம்முக்கு வந்து நூறாண்டுக்கு மேல் குடியிருந்தது. இப்போது அச்சை ஒட்டிய ஒரு சிறிய எஃகுத் தட்டில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

ஓடுகிற வண்டி நிற்க வேண்டுமானால் ஏதோ ஒன்று இன்னொன்றோடு உரசியாக வேண்டும். உரசினால் சூடு பிறக்கும், தேய்மானம் வரும். அந்தச் சூட்டை எது தாங்குவது, எது தேய்ந்துபோவது? பிரேக் வீடு மாறியபோதெல்லாம் இந்தக் கேள்விதான் அதைக் கிளப்பிவிட்டது. இன்று சைக்கிள்காரர்கள் கூடுமிடமெல்லாம் ‘ரிம்மா, டிஸ்க்கா’ என்று வாதிடுகிறார்கள். அந்த வாதமும் இதே கேள்வியின் தொடர்ச்சிதான்.

தரை

1817 ஜூன் 12 அன்று, ஜெர்மனியின் மான்ஹைம் நகரிலிருந்து ஒருவர் இரண்டு மரச் சக்கரங்களின் மேல் அமர்ந்து புறப்பட்டார். பெயர் கார்ல் ஃபொன் டிராய்ஸ். வனத்துறை அதிகாரி. அவருடைய வண்டிக்குப் பெடல் கிடையாது, செயின் கிடையாது. இரண்டு கால்களாலும் தரையை மாறி மாறி உந்திக்கொண்டே போக வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் ஏறத்தாழ 13 கிலோமீட்டர் போய்த் திரும்பினார்.

பின் சக்கரத்துக்குக் கயிற்றால் இழுக்கும் ஒரு பிரேக்கையும் டிராய்ஸ் வைத்திருந்தார். ஆனாலும் காலே அந்த வண்டியின் எஞ்சின் என்பதால், நிறுத்துகிற வேலையும் பெரும்பாலும் காலுக்கே வந்தது. தரையில் ஊன்றிய காலணியின் அடித்தோல்தான் சைக்கிள் உலகின் முதல் பிரேக் கட்டை. தேய்ந்தது அந்தத் தோல்.

1860-களில் பாரிஸில் பியர் மிஷோவின் பட்டறையிலிருந்து முன் சக்கரத்தில் பெடல் வைத்த வண்டிகள் வெளிவந்தன. கால் தரையை விட்டு மேலே போனது. மேலே போன கால் அவசரத்துக்குக் கீழே வராது. நிறுத்துகிற வேலைக்கு வேறு ஆள் தேட வேண்டியதாயிற்று. மிஷோ வண்டியில் ஹேண்டில்பாரைக் கையால் முறுக்கினால் ஒரு கயிறு அதில் சுற்றிக்கொண்டு இறுகும். அதன் மறுமுனையில் இருக்கும் கட்டை, இரும்புப் பட்டை போட்ட பின் சக்கரத்தில் போய் அழுந்தும். மாட்டுவண்டிச் சக்கரத்தின் விளிம்பில் கட்டையை அழுத்தி நிறுத்துவதைப் பார்த்தவர்களுக்கு அது புதிதாகத் தெரிந்திருக்காது. வண்டிக்காரர்களின் பழைய அறிவு சைக்கிளுக்கு வந்து சேர்ந்த இடம் அது.

டயர்

1870-களில் முன் சக்கரம் ஆள் உயரத்துக்கு வளர்ந்தது. பெடல் நேரடியாகச் சக்கரத்திலேயே இருந்ததால், ஒரு மிதிக்கு அதிக தூரம் போக வேண்டுமென்றால் சக்கரத்தைப் பெரிதாக்குவதைத் தவிர வழியில்லை. அந்தச் சக்கரத்தைச் சுற்றி முழு ரப்பர் பட்டை. அதன் மேல் கரண்டிபோல் வளைந்த இரும்புத் தகடு ஒன்று. லீவரைப் பிடித்தால் தகடு டயரை அழுத்தும்.

ஓட்டுபவரோ ஏறக்குறைய முன் அச்சுக்கு நேர் மேலே உட்கார்ந்திருந்தார். முன் சக்கரத்தைச் சற்று பலமாகப் பிடித்தால் வண்டி அதைச் சுற்றிப் புரளும். ஆள் தலைகுப்புற விழுவார். மேட்டிலிருந்து இறங்கும்போது துணிந்தவர்கள் இரண்டு கால்களையும் ஹேண்டில்பாருக்கு மேலே தூக்கிப் போட்டுக்கொள்வார்கள். தூக்கி எறியப்பட்டாலும் தலைக்கு முன்னால் கால் தரையில் படட்டும் என்பதுதான் எண்ணம். பிரேக்கின் மேல் மனிதர்களுக்கு நம்பிக்கை வராத காலம் அது.

அந்த அச்சத்துக்கு முடிவுகட்டியவர் இங்கிலாந்தின் கவன்ட்ரி நகரத்து ஜான் கெம்ப் ஸ்டார்லி. 1885-ல் அவர் கொண்டுவந்த ரோவர் சைக்கிளில் இரண்டு சக்கரங்களும் ஏறக்குறைய ஒரே அளவு. பின் சக்கரத்துக்குச் செயின். ஆள் இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே வந்தார். இன்று நாம் ஓட்டும் சைக்கிளின் உருவம் அன்று பிறந்ததுதான். மூன்று ஆண்டு கழித்து, 1888-ல், பெல்ஃபாஸ்ட்டில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப் காற்றடித்த டயருக்குக் காப்புரிமை வாங்கினார். சைக்கிளுக்குக் கிடைத்த வரங்களிலேயே பெரியது இந்த டயர்தான். டயர் மேல் குடியிருந்த பிரேக்கை வெளியேற்றியதும் இதே டயர்தான்.

ரிம்

காற்று நிரம்பிய மெல்லிய ரப்பரின் மேல் இரும்புத் தகட்டை அழுத்தித் தேய்த்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. சாலையின் தூசியும் மணலும் இடையில் மாட்டிக்கொண்டு டயரை அரத்தால் ராவுவதுபோல ராவின. டயர் தேய்ந்தால் பஞ்சர்; இறக்கத்தில் பஞ்சர் ஆனால் உயிருக்கே ஆபத்து. ஆகவே பிரேக் டயரை விட்டுவிட்டு, டயரைப் பிடித்திருக்கும் வளையமான ரிம்முக்கு இறங்கியது. இறங்கிய தூரம் இரண்டு விரற்கடை.

ரிம்மை இரு பக்கமும் இடுக்கிபோலக் கவ்வும் பிரேக்குக்கு பிரௌவெட், ஹாரிசன் என்ற இருவர் 1876-லேயே காப்புரிமை வாங்கியிருந்தார்கள். தேவை வருவதற்கு முன்பே யோசனை வந்து காத்திருந்தது. அதற்குக் குறையாக இருந்தது, கையின் விசையை வளைவு நெளிவுகளைத் தாண்டி இடுக்கி வரை கொண்டுபோக ஒரு வழி. அதை 1890-களின் பிற்பகுதியில் எர்னஸ்ட் மானிங்டன் பவுடனின் பெயரில் வந்த ஒயர் தீர்த்தது. சுருள் உறைக்குள் ஓடும் முறுக்குக் கம்பி அது. உள்ளே கம்பி இழுக்கிறது. வெளியே உறை அதே அளவு எதிர்த்துத் தள்ளுகிறது. அதனால் விசை எந்த வளைவிலும் திரும்பிப் போகும். இன்று பஞ்சர் கடையில் நாம் ‘பிரேக் ஒயர்’ என்று கேட்டு வாங்குவது பவுடனின் அந்த ஒயரைத்தான்.

ஒயரை நம்பாதவர்களும் இருந்தார்கள். இங்கிலாந்தின் கனமான சாலை சைக்கிள்களில் இரும்புக் கம்பிகள் வழியாக விசை போனது. லீவரைப் பிடித்தால் கம்பி மேலே இழுக்கும். குதிரைச் சேணத்தின் மிதிவளையம்போல் இருக்கும் இரும்பில் மாட்டிய இரண்டு கட்டைகள், அச்சைப் பார்த்திருக்கும் ரிம்மின் உள்முகத்தில் போய் அழுந்தும். இந்தப் பிரேக் நமக்கு அந்நியமானதில்லை. இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 1949-ல் முருகப்பா குடும்பம் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ், அம்பத்தூரில் ஹெர்குலிஸ் சைக்கிள்களைச் செய்தபோது இந்தக் கம்பி பிரேக்கும் கூடவே வந்தது. வாடகை சைக்கிளில் குரங்கு பெடல் அடித்துப் பழகியவர்களுக்கு அந்தக் கம்பிகளின் கடகட ஓசை இன்னும் காதில் இருக்கும். ஒரு ஸ்பேனர் போதும், தெருவோரத்திலேயே சரிசெய்துவிடலாம். ஆனால் குரோமியம் பூசிய இரும்பு ரிம் மழையில் நனைந்துவிட்டால் கட்டைக்குப் பிடி கிடைக்காது. வண்டி வழுக்கிக்கொண்டே போகும். மழைக்காலத்தில் காலை ஊன்றி நிறுத்திய நாம், தெரியாமலே டிராய்ஸின் காலத்துக்குத் திரும்பிப் போய் வந்தோம்.

இதற்கிடையில் அச்சிலும் ஒரு பிரேக் சத்தமில்லாமல் குடியேறியிருந்தது. பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பின் ஹப்பின் உள்ளே இறுகிப் பிடிக்கும் வகை அது. ஜெர்மனியின் ஷ்வைன்ஃபுர்ட் நகரத்து ஃபிக்டல் அண்ட் சாக்ஸ் 1903-ல் ‘டார்பிடோ’ என்ற பெயரில் விற்றது இந்த வகைதான். மழையும் சேறும் எட்டாத இடத்தில் இருந்ததால் ஊர்ப் பயணத்துக்கு அது மிக நல்ல துணை. ஆனால் கனம் அதிகம். உள்ளே பிறந்த சூடு வெளியேற வழியும் குறைவு. நீண்ட மலை இறக்கத்தில் கிரீஸ் கருகிவிடும். பந்தயக்காரர்கள் அதைத் தொடவில்லை. மலைதான் இந்தக் கதையின் நீதிபதி. அடுத்த தீர்ப்பும் மலையில்தான் எழுதப்பட்டது.

மலை

1903-ல் தொடங்கிய டூர் டி ஃபிரான்ஸ் 1910-ல் பைரனீஸ் மலையின் 2,115 மீட்டர் உயர டூர்மலே கணவாய்க்கும், அடுத்த ஆண்டு ஆல்ப்ஸின் கலிபியே கணவாய்க்கும் ஏறியது. மலை ஏறுவதைப் பற்றி எழுதாதவர் இல்லை. பிரேக்கின் கதைக்கு வேண்டியது இறங்குவது.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ. கணவாயிலிருந்து பள்ளத்தாக்குக்கு 1,000 மீட்டர் இறக்கம். ஏறும்போது உடம்பு சேர்த்துவைத்த ஆற்றல் ஏறத்தாழ 7.8 லட்சம் ஜூல். இறங்கும்போது அது அவ்வளவும் எங்காவது போய்ச் சேர வேண்டும். ஒரு பங்கைக் காற்று வாங்கிக்கொள்ளும். வளைவுக்கு வளைவு வேகத்தைக் குறைக்க வேண்டிய பாதையில் மிச்சம் பெரும்பாலும் பிரேக்குக்கே வரும். மொத்தத்தையும் சூடாக்கினால் இரண்டரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். ஒரு குடும்பத்துக்குக் காலை காபி போடும் அடுப்புச் சூட்டை, கட்டைவிரல் அளவுள்ள நான்கு ரப்பர் கட்டைகளும் இரண்டு மெல்லிய வளையங்களும் தாங்க வேண்டும்.

ஆரம்ப காலப் பந்தயங்களில் அந்த வளையங்கள் மரத்தால் ஆனவை. டயர் ரிம்மில் பசையால் ஒட்டப்பட்டிருந்தது. உலோக ரிம் சூட்டைக் கடத்திப் பசையை இளக்கிவிடும் என்று அஞ்சிய அமைப்பாளர்கள் மர ரிம்மையே வற்புறுத்தினார்கள். 1934-ல் அந்தோனன் மாஞ் என்ற பிரெஞ்சு வீரர் மாவிக் நிறுவனம் ட்யூரலுமின் என்ற அலுமினியக் கலவையில் செய்த ரிம்களை, மரத்தைப்போல வண்ணம் பூசி மறைத்து ஓட்டினார். அந்த ஆண்டு டூரை வென்றதும் அவரே. ரகசியம் வெளியானது, உலோக ரிம் உள்ளே வந்தது. 1935-ல் ஸ்பெயின் நாட்டு பிரான்சிஸ்கோ செபெடா கலிபியே இறக்கத்தில் விழுந்து சில நாட்களில் இறந்தார். புதிய ரிம்மின் சூட்டில் பசை இளகி டயர் கழன்றிருக்கலாம் என்ற பேச்சு அப்போதே எழுந்தது. டயரைக் காக்க ரிம்முக்கு வந்த பிரேக், இப்போது ரிம் வழியாக மறுபடியும் டயரைச் சுட்டது.

ஆனாலும் அடுத்த அறுபது ஆண்டுகள் ரிம் பிரேக்கின் பொற்காலம். அலுமினிய ரிம் சூட்டை விரைவாக வாங்கி விரைவாகவே காற்றுக்கு விட்டுவிடும் என்பது அனுபவத்தில் தெரிந்தது. ஃபிரான்ஸின் மாஃபக், சுவிட்சர்லாந்தின் வைன்மான், இத்தாலியின் யுனிவர்சல் என்று ஒவ்வொரு நாடும் ஒரு இடுக்கியைச் செய்தது. 1960-களின் இறுதியில் கம்பானோலோ தன் பிரேக்கைக் கொண்டுவந்தபோது அது நகைக்கடைச் சாமானைப்போல மின்னியது. 1990-களில் ஷிமானோ இரட்டை அச்சு காலிப்பர் என்ற இடுக்கியைப் பரப்பியது. இடுக்கியின் இரண்டு கைகளும் தனித்தனி அச்சில் திரும்பியதால் அதே விரல் விசைக்குக் கூடுதல் பிடி கிடைத்தது. உச்சத்தில் இருந்தபோது முன்னும் பின்னுமாக ஒரு ஜோடி 300 கிராமைச் சற்றே தாண்டும். இவ்வளவு சிறிய இயந்திரம் இவ்வளவு பெரிய பொறுப்பைச் சுமந்தது வேறு எங்கும் நான் பார்த்ததில்லை.

இந்த அழகுக்குக் காரணம் ரிம் இருக்கும் இடம். ரிம் பிரேக்கும் ஒருவகையில் டிஸ்க் பிரேக்தான். அதன் டிஸ்க் சக்கரத்தின் அளவுக்குப் பெரிது, அவ்வளவே. அச்சிலிருந்து 31 சென்டிமீட்டர் தள்ளிக் கட்டை பிடிப்பதால் நெம்புவிசை அதிகம்; குறைந்த அழுத்தமே போதும். நிறுத்தும் விசை ரிம்மிலிருந்து நேரே டயருக்குப் போய்விடுகிறது. போக்ஸ் கம்பிகளுக்கு அதில் வேலையில்லை. அதனால் சக்கரத்தைப் பஞ்சுபோல் செய்யலாம்.

அதன் குறையும் அதே இடத்தில்தான் இருக்கிறது. ரிம்முக்கு இரண்டு வேலை: டயரைத் தாங்குவது, பிரேக்குக்குத் தேய்ந்து கொடுப்பது. முதல் வேலைக்கு அது உறுதியாக இருக்க வேண்டும். இரண்டாவது வேலை அதை நாள்தோறும் மெலிய வைக்கிறது. மழையில் ரிம்மிலிருக்கும் நீரைத் துடைக்கவே முதல் சில சுற்றுகள் போய்விடும். அதற்குப் பிறகே பிடி. சக்கரம் சற்றுக் கோட்டமானால் கட்டை ஒரு பக்கம் உரசும். கோட்டம் எடுக்காமல் ஓட்ட முடியாது. இதையெல்லாம் அலுமினியம் பொறுத்துக்கொண்டது. பொறுக்காத ஒரு பொருள் வந்தபோது கதை திரும்பியது.

அந்தப் பொருள் கார்பன். 2000-க்குப் பிறகு பந்தயச் சக்கரங்கள் கார்பன் இழையும் பிசினுமாக மாறின. எடை குறைவு, காற்றைக் கிழிக்கும் உருவம். ஆனால் கார்பன் ரிம் சூட்டை அலுமினியம்போலப் பரப்பி விடாது. பட்ட இடத்திலேயே தேக்கிக்கொள்ளும். நீண்ட இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்தபடியே வந்தால் பிசின் இளகி ரிம்மின் சுவர் புடைத்துப்போவது உண்டு. அதற்கென்று தனிக் கட்டைகள், கார்க் கலந்தவைகூட, செய்து பார்த்தார்கள். மழையில் அவற்றின் பிடி இன்னும் குறைந்தது. 1935-ன் பழைய பிரச்சினை எழுபது ஆண்டுக்குப் பிறகு புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றது. ரிம் இனி இரண்டு வேலை பார்க்க முடியாது.

அச்சு

டிஸ்க் பிரேக் சைக்கிளில் பிறந்ததில்லை. 1902-ல் பர்மிங்காமைச் சேர்ந்த ஃபிரெடரிக் லான்செஸ்டர் காருக்காக அதற்குக் காப்புரிமை வாங்கினார். செம்புக் கட்டை உலோகத் தட்டில் உரசிப் பெருங்கூச்சல் போட்டதால் நெடுநாள் அது மூலையில் கிடந்தது. 1953-ல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை டிஸ்க் பிரேக் போட்ட ஜாகுவார் வென்ற பிறகு கார் உலகம் திரும்பிப் பார்த்தது. 1969-ல் ஹோண்டா சிபி750 மோட்டார் சைக்கிளின் முன் சக்கரத்துக்கு வந்தது. நம் ஊரில் ‘டிஸ்க்’ என்ற சொல் பழகியதும் மோட்டார் பைக் வழியாகத்தான்.

சைக்கிளில் 1970-களிலேயே கலிஃபோர்னியாவின் ஃபில் வுட் முயன்று பார்த்தார். ஆனால் அதற்கு உண்மையான வீடு கொடுத்தது 1990-களின் மலை சைக்கிள். சேற்றில் மூழ்கிய ரிம்மைக் கவ்வ முடியாது; பாறையில் மோதிக் கோட்டமான ரிம்மையும் கவ்வ முடியாது. அச்சருகே இருக்கும் தட்டுக்குச் சேறும் எட்டாது, கோட்டமும் தெரியாது.

அச்சருகே வந்ததற்கு ஒரு விலை உண்டு. தட்டின் விட்டம் 140 அல்லது 160 மில்லிமீட்டர். அதாவது கட்டை பிடிக்கும் இடம் அச்சிலிருந்து எட்டு சென்டிமீட்டருக்குள். ரிம்மோடு ஒப்பிட்டால் நெம்புதூரம் நான்கில் ஒரு பங்கு. அதே அளவுக்கு நிற்க, நான்கு மடங்கு உரசல் வேண்டும். அதைத் தருவது எண்ணெய். லீவரில் சின்ன பிஸ்டன், காலிப்பரில் பெரிய பிஸ்டன். இடையில் அடைத்து நிரப்பிய திரவம். பள்ளிக்கூடத்தில் படித்த பாஸ்கல் விதி ஒரே விரலில் வேலை செய்கிறது. கட்டை தேயத் தேய பிஸ்டன் தானே முன்னால் நகர்ந்துகொள்ளும். கட்டைக்கும் தட்டுக்கும் இடையிலான வெளி ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை.

விசை பாயும் திசையும் மாறியது. இப்போது அச்சில் பிடிக்கும் பிடி, போக்ஸ் கம்பிகள் வழியாகத்தான் ரிம்முக்கும் டயருக்கும் போக வேண்டும். நேராக நின்ற கம்பிகளை ஒன்றன்மேல் ஒன்று குறுக்காகப் பின்ன வேண்டியதாயிற்று. காலிப்பர் ஃபோர்க்கின் இடது காலில் மட்டும் இருப்பதால் அந்தக் கால் முறுக்கைத் தாங்கும்படி தடித்தது. டூலியோ கம்பானோலோ 1930-ல் காப்புரிமை வாங்கிய, ஒரு நெம்பில் சக்கரத்தைக் கழற்றும் மெல்லிய அச்சும் போனது. அதன் இடத்தில் 12 மில்லிமீட்டர் தடிமனுள்ள, சட்டகத்துக்குள் திருகி ஏற்றும் அச்சு வந்தது. ஒரு பிரேக்கை இடம் மாற்றப் போய் சைக்கிள் முழுவதையுமே மறுபடி வரைய வேண்டியிருந்தது.

சாலைப் பந்தய சைக்கிளுக்கான எண்ணெய் டிஸ்க் பிரேக்குகளை ஸ்ராமும் ஷிமானோவும் 2013-ல் கொண்டுவந்தன. அதே ஆண்டின் இறுதியில் ஸ்ராம் தன் எண்ணெய் பிரேக்குகளைத் திரும்பப் பெற நேர்ந்தது. கடுங்குளிரில் உள்ளே இருந்த சீல் அழுத்தத்தைப் பிடித்துவைக்கத் தவறியது. 2015-ல் சர்வதேச சைக்கிள் சங்கமான யூசிஐ பந்தயங்களில் டிஸ்க்கைச் சோதனைக்கு விட்டது.

2016 ஏப்ரல் 10 அன்று பாரிஸ்–ரூபே பந்தயம். கருங்கல் பதித்த பழைய வண்டிப் பாதைகளில் ஓடும் அந்தப் பந்தயத்தில் வீரர்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுவது வழக்கம். அன்று மோவிஸ்டார் அணியின் பிரான்சிஸ்கோ வெந்தோசோவின் காலில் எலும்பு தெரியும் அளவுக்கு வெட்டு விழுந்தது. வெட்டியது டிஸ்க் தட்டுதான் என்று அவர் பகிரங்கக் கடிதம் எழுதினார். நான்கே நாளில் யூசிஐ சோதனையை நிறுத்திவைத்தது. அந்தக் கடிதம் சொன்ன காரணத்தைப் பிறகு பலர் மறுத்தார்கள். என் பார்வையில் அந்தக் கடிதம் நன்மையே செய்தது. ஒரு தொழிலாளி தன் வேலைக்கருவி ஆபத்தானது என்று சொன்னார்; தயாரிப்பாளர்கள் தட்டின் விளிம்பை மழுங்கடித்துக் கொண்டுவர வேண்டியதாயிற்று. 2017 ஜனவரியில் சோதனை மறுபடி தொடங்கியது. அந்த மாதமே அர்ஜென்டினாவின் சான் ஹுவான் பந்தயத்தில் பெல்ஜியத்தின் டாம் போனன் டிஸ்க் பிரேக்கில் ஒரு நாள் ஓட்டத்தை வென்றார். ஜூலையில் லியேஜ் நகரில் மார்செல் கிட்டல் டூரின் ஒரு நாள் ஓட்டத்தை வென்றார். 2018 ஜூலையில் டிஸ்க் பிரேக் நிரந்தர அனுமதி பெற்றது.

ஆனாலும் ரிம் பிரேக் எளிதில் தலைவணங்கவில்லை. 2019-ல் கொலம்பியாவின் ஏகன் பெர்னால் டூரை வென்றது ரிம் பிரேக்கில்தான். யூசிஐ விதித்த 6.8 கிலோ எடை எல்லையைத் தொடுவதற்கும், நொடிகளில் சக்கரம் மாற்றுவதற்கும் ரிம் பிரேக்கே வசதி என்று அவருடைய அணி நம்பியது. பிறகு அந்த அணியும் மாறியது. 2023-ல் கம்பானோலோ வெளியிட்ட ஒயரில்லாத சூப்பர் ரெக்கார்ட், டிஸ்க்குக்கு மட்டுமே வந்தது. ரிம் பிரேக்கை அணிகலனாக்கிய வீடு அதற்குக் கதவைச் சாத்தியது அன்று.

எது தேயட்டும்?

என்னிடம் இரண்டு வகைச் சைக்கிளும் உண்டு. அதனால் பட்டதைச் சொல்கிறேன். காய்ந்த சாலையில், அலுமினிய ரிம்மில், நல்ல கட்டை போட்ட ரிம் பிரேக் எந்த டிஸ்க்குக்கும் குறைந்ததில்லை. இரண்டுமே பின் சக்கரம் தரையை விட்டு எழும்பும் அளவுக்குப் பிடிக்கும். அதற்கு மேல் பிடித்தால் ஆள் முன்னால் விழுவார். எல்லையை வகுப்பது டயரும் உடலின் எடையும்தான். மழையில் கதை வேறு. டிஸ்க் நனைந்தாலும் தொட்டவுடன் பிடிக்கிறது. விரலின் சின்ன அசைவுக்கும் கணக்காகப் பதில் சொல்கிறது. ஈரமான மலை இறக்கத்தில் ரிம் பிரேக்கைப் பிடித்துவிட்டு, அது பிடிக்கப் போகும் அந்த இரண்டு நொடிக்காகக் காத்திருந்தவர்களுக்கு இந்த வேறுபாடு எவ்வளவு பெரிது என்று தெரியும். மழையும் மலையும் உள்ள இடத்தில் ஓட்டுபவருக்கு, கார்பன் சக்கரம் வைத்திருப்பவருக்கு, கனமான மூட்டையோடு பயணம் போகிறவருக்கு டிஸ்க்தான் சரி. இதில் எனக்குத் தயக்கமில்லை. அகலமான டயருக்கு இடம் கொடுத்ததும் டிஸ்க்தான். இடுக்கியின் கைகளுக்குள் 28 மில்லிமீட்டர் டயர் நுழைவதே சிரமம். இப்போது அதைவிட அகலமான டயர்களில் பந்தயங்கள் ஓடுகின்றன.

ஆனால் பிரேக் அச்சை நோக்கி நகர நகர, அதன் வைத்தியமும் நம் கையை விட்டு நகர்ந்தது. ரிம் பிரேக்கின் கட்டையை வாசலில் உட்கார்ந்து ஒரே ஒரு ஆலன் கீயால் மாற்றலாம். ஒயர் எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும். டிஸ்க்கில் குழாய்க்குள் காற்றுக் குமிழி புகுந்தால் லீவர் தொளதொளவென்று உள்ளே போகும். ஊசியில் திரவம் ஏற்றிக் குமிழியை வெளியேற்ற வேண்டும். ஷிமானோ கேட்பது மினரல் ஆயில். ஸ்ராமின் சாலை பிரேக்குகளில் பெரும்பாலானவை கேட்பது கார்களில் ஊற்றும் டாட் திரவம். ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை ஊற்றினால் சீல் கெட்டுப்போகும். ஒருமுறை பழுதுபார்க்கக் கொடுத்த இடத்தில் செயினுக்கு எண்ணெய் தெளித்தபோது தட்டிலும் சில துளிகள் பட்டுவிட்டன. கட்டைகள் அந்த எண்ணெயைக் குடித்துவிட்டு, பிடிக்கும்போதெல்லாம் ஊளையிட்டன. நல்ல கட்டைகளைத் தூக்கிப்போட்டுப் புதிது வாங்கினேன்.

இதனால்தான் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. டிஸ்க் வென்றதில் வருத்தமில்லை. சமவெளியில் ஓட்டுகிறவரும், தன் வண்டியைத் தானே பார்த்துக்கொள்கிறவரும் விரும்பினால் வாங்குவதற்கு நல்ல ரிம் பிரேக் சைக்கிள் கடையில் இருக்க வேண்டும். பிரிட்டனின் மலையேற்றப் பந்தயக்காரர்கள் எடை குறைக்க இன்றும் பழைய ரிம் பிரேக் சட்டகங்களைத் தேடிப் போகிறார்கள். உயர்ந்த தரத்தில் புதிதாகச் செய்பவர்கள் குறைந்துவிட்டதே அதற்குக் காரணம். பந்தய அணிகளின் தேவை மலையும் மழையும் கார்பனும். அவர்களுக்கு எழுதிய மருந்துச் சீட்டையே எல்லோருக்கும் நீட்டுவது சரியில்லை.

சென்ற ஆண்டு என் பழைய சைக்கிளின் முன் ரிம்மை மாற்றினேன். தட்டையாக இருந்த பிரேக் தடம் உள்வாங்கிக் குழிந்திருந்தது. தேய்மானத்தைக் காட்டப் போட்டிருந்த சின்னப் புள்ளி எப்போதோ மறைந்துவிட்டது. கட்டைவிரலை வைத்தால் நகம் அந்தக் குழியில் பதிந்து நின்றது. அந்தச் சுவர் இன்னும் கொஞ்சம் மெலிந்திருந்தால் டயரின் அழுத்தமே அதைப் பிளந்திருக்கும். பல ஆண்டு நான் நிற்பதற்காக அந்த ரிம் கொஞ்சம் கொஞ்சமாகத் தன்னைக் கொடுத்திருந்தது. டிஸ்க் சைக்கிளில் அதே கடனை ஒரு கைக்குட்டைக்குள் மடித்துவிடக் கூடிய தட்டும், நகத்தளவுக் கட்டைகளும் செலுத்துகின்றன. ரிம் தேயாமல் நெடுநாள் இருக்கிறது.

காலணித் தோல், டயர், ரிம், இப்போது தட்டு. ஒவ்வொரு தலைமுறையும் முந்தையதைவிட மாற்றுவதற்கு எளிதான, இழப்பதற்கு மலிவான ஒன்றைத் தேய்க்கக் கொடுத்தது. ஒன்றரைச் சாணுக்குள் நடந்த முன்னேற்றம் அதுதான். தேய்மானத்தை மட்டும் யாராலும் ஒழிக்க முடியவில்லை. உங்கள் சைக்கிள் எந்த வகையானாலும், அடுத்த முறை எடுக்கும் முன் குனிந்து கட்டையைப் பாருங்கள். இன்னும் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று பாருங்கள். மெலிந்திருந்தால் இன்றே மாற்றுங்கள். நாளைய இறக்கத்துக்கு அது போதாது.